வலி இல்லாத கட்டி

மும்பை நகரில் தாராவி என்று ஒரு பகுதி இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்கின்றன. அவர்களில் பலருக்கு இட்லி வியாபாரம்தான் சோறு போடுகிறது.

இந்தக் கதையில் வரும் பெண்ணும் இட்லிக்காரிதான். வயது 32. அவள் பெயரை இங்கே சொல்லவில்லை. இப்படி ஒரு பெண் உங்கள் தெருவிலும் இருக்கலாம்.

அவள் வீடு ஒரே ஒரு அறை. அதில் 5 பேர். அவள், கணவன், மாமியார், 10 வயது மகள், 7 வயது மகன். விடியற்காலை 3 மணிக்கு அடுப்பு எரியும். 6 மணிக்குக் கணவன் இட்லிக் கூடையோடு கிளம்பிவிடுவான். மாலையில் அவள் மாவு ஆட்டுவாள். இரவு ஒரு மணி நேரம் எழுத்து வகுப்புக்குப் போவாள். இரண்டு வருடத்தில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாள்.

புளியங்கொட்டை அளவு

வீட்டின் மூலையில் இருப்பது மோரி. பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது, குளிப்பது எல்லாம் அங்கேதான். ஒருநாள் சேலையை மறைப்பாகக் கட்டிக்கொண்டு அவள் குளித்தாள். சோப்புப் போடும்போது இடது மார்பில் ஏதோ தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு இருந்தது. அழுத்திப் பார்த்தாள். வலிக்கவில்லை.

"வலி இல்லையே! அப்படியானால் ஒன்றும் இருக்காது" என்று நினைத்தாள்.

ஒரு மாதம் போனது. கட்டி போகவில்லை. இரண்டு மாதம் போனது. இப்போது நெல்லிக்காய் அளவு ஆகிவிட்டது. அப்போதும் வலி இல்லை.

யாரிடம் சொல்வது? கணவனிடம் சொல்ல வெட்கம். மாமியாரிடம் சொல்லப் பயம். ஒரே அறையில் 5 பேர் இருந்தும் வாய் திறந்து சொல்ல இடம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் வியாபாரம் கெடும் என்ற கவலையும் இருந்தது.

எழுதிக் கொடுத்த வரி

மூன்றாவது மாதம் சுகாதாரத் தொண்டர் அந்தச் சந்துக்கு வந்தார். அவரும் தமிழ்ப் பெண்தான். வீடு வீடாகச் சென்று, "காய்ச்சல் உண்டா? இருமல் உண்டா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

"இங்கே எல்லோரும் நல்லா இருக்கோம்மா" என்றார் மாமியார்.

இட்லிக்காரப் பெண் ஒன்றும் பேசவில்லை. மகனின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். அதில் ஒரு வரி எழுதினாள். மடித்துத் தொண்டரின் கையில் கொடுத்தாள்.

"என் மார்பில் கட்டி இருக்கு அக்கா."

தொண்டர் வாசலுக்குப் போய் அதைப் படித்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "தங்கச்சி, கொஞ்சம் வெளியே வா. ஒரு கையெழுத்து வேணும்" என்று கூப்பிட்டார். சந்து முனையில் நின்று கேட்டார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"மூணு மாசமா."

"வலிக்குதா?"

"இல்லக்கா."

"வலிக்காத கட்டியைத்தான் உடனே காட்டணும். நாளைக்கே போவோம். நானும் வர்றேன். உன் வீட்டுக்காரர்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அன்று இரவு அவளே கணவனிடம் சொன்னாள். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இத்தனை நாளா ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டான். மறுநாள் இட்லிக் கூடையை அவன் தொடவில்லை. அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல

இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. நீர்க்கட்டி இருக்கலாம். கொழுப்புக் கட்டி இருக்கலாம். பால் கொடுக்கும் தாய்க்குப் பால் கட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் எது எந்தக் கட்டி என்று கையால் தொட்டுப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

நம் உடம்பு கோடிக்கணக்கான நுண்ணிய அணுக்களால் ஆனது. பழைய அணுக்கள் சாகும். புதிய அணுக்கள் தோன்றும். இது அளவோடு நடக்கும். சில சமயம் சில அணுக்கள் கட்டுப்பாடு இல்லாமல் பெருகுகின்றன. அதுதான் புற்றுநோய். அந்த அணுக்கள் மார்பிலிருந்து அக்குளுக்குப் பரவலாம். பிறகு எலும்பு, நுரையீரல், கல்லீரல் என்று பரவலாம். பரவும் முன் கண்டுபிடித்தால் குணமாக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்தான் முதலிடத்தில் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்த நோய் வந்ததாக மதிப்பிடப்பட்டது. 40 வயதுக்கு மேல்தான் அதிகம் வருகிறது. ஆனாலும் 30 வயதிலும் வருகிறது. அதற்கும் குறைந்த வயதிலும் வருகிறது. குடும்பத்தில் யாருக்கும் இல்லாதபோதும் வருகிறது.

மும்பையின் குடிசைப் பகுதிகளில் 1998-ல் டாட்டா ஆஸ்பத்திரி ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. 35 முதல் 64 வயது வரை உள்ள சுமார் 1,50,000 பெண்கள் அதில் இருந்தார்கள். அவர்களில் ஒரு பாதிப் பேரின் மார்பைப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் 2 ஆண்டுக்கு ஒரு முறை கையால் சோதித்தார்கள். அதன் முடிவு 2021-ல் வெளியானது. அப்படிச் சோதித்தவர்களுக்கு நோய் முன்னதாகவே தெரிந்தது. 50 வயதைத் தாண்டிய பெண்களில் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. இளம் பெண்களில் அந்த அளவு பலன் தெரியவில்லை.

அரசின் பரிசோதனைத் திட்டமும் 30 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. அதனால் இளம் பெண்கள் யாராவது வந்து சோதிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மாற்றம் தெரிந்தால் தாங்களே போக வேண்டும்.

பரிசோதனை

முதலில் மாநகராட்சி ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் அவளைப் பார்த்தார். சோனோகிராபி எடுத்தார்கள். பிறகு பரேல் பகுதியில் உள்ள டாட்டா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். 1941-ல் திறக்கப்பட்ட ஆஸ்பத்திரி அது. நாடெங்கும் இருந்து புற்றுநோயாளிகள் அங்கே வருகிறார்கள்.

அங்கே மேமோகிராம் எடுத்தார்கள். இது மார்புக்கு எடுக்கும் ஒருவகை எக்ஸ்ரே. பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியிலிருந்து சிறு துணுக்கை ஊசியால் எடுத்தார்கள். இதற்கு பயாப்ஸி என்று பெயர்.

"ஊசி குத்தினா நோய் பரவிடும்னு சொல்றாங்களே?" என்று கணவன் கேட்டான்.

"பரவாது. ஊசி குத்தாம என்ன நோய்னு தெரியாது. தெரியாம எந்த மருந்தைக் கொடுக்கிறது?" என்றார் டாக்டர்.

சில நாட்களில் முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆனால் மார்பையும் அக்குளையும் தாண்டிப் பரவவில்லை.

அன்று ரயிலில் திரும்பும்போது அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து அரிசி களைந்தாள். உளுந்து ஊறப்போட்டாள். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா, உனக்கு என்ன?" என்று கேட்டாள். அப்போதுதான் அழுதாள்.

40 பக்க நோட்டு

டாக்டர்கள் இந்தியிலும் மராத்தியிலும் பேசினார்கள். ஆஸ்பத்திரிக் கோப்பு ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்து வகுப்பில் சொல்லிக்கொடுத்த பெண் அவளுக்கு ஒரு யோசனை சொன்னாள். அதன்படி அவள் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினாள். டாக்டர் சொல்வதைத் தமிழில் எழுதிக்கொண்டாள். கேட்க வேண்டிய கேள்விகளை முதல் நாளே எழுதி வைத்தாள்.

முதல் பக்கத்தில் இருந்த கேள்விகள் இவை:

1. எத்தனை முறை மருந்து ஏற்றுவார்கள்?
2. மார்பை முழுதாக எடுப்பார்களா?
3. எவ்வளவு செலவு ஆகும்?
4. நான் இட்லி சுடலாமா?

அவளுக்கு 8 முறை கீமோ மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். 21 நாளுக்கு ஒரு முறை. கட்டி சுருங்கிய பிறகு அறுவை சிகிச்சை. அதன் பிறகு கதிர் சிகிச்சை. நம் ஊரில் இதைக் "கரண்ட் வைப்பது" என்று சொல்வார்கள். கடைசியில் பல வருடம் மாத்திரை. எல்லோருக்கும் இதே வரிசை கிடையாது. கட்டியின் வகையைப் பார்த்து டாக்டர்கள் முடிவு செய்வார்கள்.

டாக்டர் அவளிடம் ஒரு கேள்வி கேட்டார். "இன்னும் குழந்தை வேணும்னு நினைக்கிறீங்களா?" கீமோ மருந்தால் சிலருக்குப் பிறகு குழந்தை பிறக்காமல் போகலாம். குழந்தை வேண்டும் என்பவர்கள் சிகிச்சை தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதற்கும் வழிகள் உண்டு. சிகிச்சை நடக்கும்போது கர்ப்பம் ஆகக் கூடாது. எந்தக் கருத்தடை முறை சரி என்பதையும் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

பணத்துக்கு என்ன வழி? ஆஸ்பத்திரியின் சமூக சேவைப் பிரிவில் கேட்டார்கள். ரேஷன் கார்டும் ஆதாரும் கொண்டுவரச் சொன்னார்கள். மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்தார்கள். பெரும் செலவு குறைந்தது.

பெஞ்சில் கிடைத்த தோழி

மருந்து ஏற்றும் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு. அங்கே பீகாரிலிருந்து வந்த பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வயது 27. மடியில் ஒன்றரை வயதுக் குழந்தை. தாதரில் உள்ள காட்கே மகராஜ் தர்மசாலையில் தங்கியிருந்தாள்.

பால் கொடுக்கும்போதே அவளுக்குக் கட்டி வந்தது. "பால் கட்டிதான், தானாகக் கரையும்" என்று ஊரில் சொன்னார்கள். பத்துப் போட்டார்கள். மந்திரித்தார்கள். 7 மாதம் கழிந்தது. தோல் ஆரஞ்சுப் பழத் தோல் போல ஆன பிறகுதான் மும்பைக்கு வந்தாள்.

இவளுக்குத் தெரிந்த இந்தி கொஞ்சம்தான். ஆனாலும் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். மருந்து ஏற்றும் நாட்களில் இவள் அவளுக்கும் இட்லி கொண்டுபோனாள். வாய்ப்புண் வந்தபோது அந்த இட்லியும் தயிரும்தான் அவளுக்கு இறங்கின.

முடி கொட்டியது

கீமோ மருந்தில் ஒன்று சிவப்பு நிறம். அது ஏறிய பிறகு ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாக வரும். "பயப்படாதே, அது ரத்தம் இல்லை" என்று நர்ஸ் முன்னாலேயே சொல்லியிருந்தார்.

மூன்றாவது வாரம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மகள் அதைப் பார்த்துப் பயந்தாள். அவள் கணவனைக் கூப்பிட்டு, "மொத்தமா எடுத்துவிடுங்க" என்றாள். அவனே மழித்துவிட்டான். முடிந்ததும் மாமியார் தன் பழைய பருத்திச் சேலையைக் கிழித்துத் தலையில் கட்டிவிட்டார்.

ஆனால் இதே மாமியார்தான் முதல் வாரத்தில் அவள் தட்டையும் தம்ளரையும் தனியாக வைத்தார். "சின்னப் புள்ளைங்க இருக்கிற வீடு. ஒட்டிக்கிடும்" என்றார். சுகாதாரத் தொண்டர் வந்து எடுத்துச் சொன்னார். "இது ஒட்டிக்கிற நோய் இல்ல பாட்டி. தொட்டால் வராது. எச்சிலால் வராது. ஒண்ணாச் சாப்பிட்டாலும் வராது. பாவத்தாலயும் வராது." அன்று இரவு மாமியார் எதுவும் பேசவில்லை. தட்டுகளை ஒன்றாக அடுக்கி வைத்தார்.

101

மூன்றாவது மருந்து ஏற்றிய பத்தாம் நாள். இரவு 11 மணி. அவளுக்கு உடம்பு குளிர்ந்து நடுங்கியது.

"அலுப்புத்தான். கசாயம் குடிச்சிட்டுப் படு. காலையில பார்த்துக்கலாம்" என்றார் மாமியார்.

அவள் நோட்டைப் பிரித்தாள். அதில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: "காய்ச்சல் 100.4 வந்தால் காத்திருக்கக் கூடாது. இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்."

தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள். 101.

"அத்தை, காலை வரை இருக்கக் கூடாது. இதுல எழுதியிருக்கு" என்றாள்.

கணவன் டாக்சி பிடித்தான். நள்ளிரவில் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்தார்கள். நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. உடனே மருந்து ஏற்றினார்கள். 5 நாள் படுக்கையில் இருந்தாள். "காலையில வந்திருந்தா கஷ்டம் ஆகியிருக்கும்" என்றார் டாக்டர்.

மாமியாருக்கு எழுத்துத் தெரியாது. அவள் திரும்பி வந்ததும் அந்த நோட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

அறுவை சிகிச்சை

8 முறை மருந்து ஏறியதும் கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது. அதனால் மார்பை முழுதும் எடுக்கவில்லை. கட்டியையும் அதைச் சுற்றிச் சிறிது சதையையும் எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். பிறகு 3 வாரம் தினமும் கதிர் சிகிச்சை. சனி, ஞாயிறு விடுமுறை. சயான் ஸ்டேஷனிலிருந்து பரேலுக்கு ரயிலில் போய்வந்தாள். மும்பை மின்சார ரயில்களில் ஊனமுற்றோருக்கு ஒதுக்கிய பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம். அதனால் நெரிசலில் இடிபடவில்லை.

பீகார்ப் பெண்ணுக்கு மார்பை முழுதும் எடுக்க வேண்டியிருந்தது. ஏழு மாதம் கழித்து வந்ததுதான் காரணம். "இனி நான் எப்படி வெளியே போவேன்?" என்று அவள் அழுதாள். இட்லிக்காரப் பெண் மெல்லிய துணியில் பஞ்சு வைத்து, ஜாக்கெட்டுக்குள் வைக்கும்படி தைத்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிகளிலும் இப்படிப்பட்ட செயற்கை மார்பு பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அந்த பெஞ்சில் உட்கார்ந்த எல்லோரும் பிழைத்தார்கள் என்று சொல்ல முடியாது. மிகவும் தாமதமாக வந்தவர்கள் இருந்தார்கள். பாதியில் சிகிச்சையை விட்டவர்களும் இருந்தார்கள். பீகார்ப் பெண் பாதியில் விடவில்லை. முழுச் சிகிச்சையும் எடுத்துக்கொண்டு குழந்தையோடு ஊர் திரும்பினாள். குறித்த நாளில் பரிசோதனைக்கு வந்துபோகிறாள்.

இன்று

சிகிச்சை முடிந்து 2 வருடம் ஆகிறது. இட்லிக்காரப் பெண்ணுக்கு முடி வளர்ந்துவிட்டது. தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறாள். 5 வருடமாவது சாப்பிட வேண்டும். குறித்த தேதியில் பரிசோதனைக்குப் போகிறாள். நோய் திரும்பி வருமோ என்ற பயம் ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்பும் வருகிறது. அதையும் இப்போது கணவனிடம் வாய்விட்டுச் சொல்கிறாள்.

அக்குள் நெறிக்கட்டியை எடுத்தவர்களுக்குக் கை வீங்கலாம். அதனால் சொல்லிக்கொடுத்த கைப்பயிற்சியைத் தினமும் செய்கிறாள். இட்லிக் கொப்பரையின் ஆவி இடது கையில் படாமல் பார்த்துக்கொள்கிறாள். கனமான பானையைக் கணவன் இறக்கி வைக்கிறான்.

எழுத்து வகுப்புக்கு மறுபடியும் போகிறாள். புதிதாக வரும் பெண்களிடம் ஒரு கேள்வி கேட்கிறாள். "உடம்புல ஏதாவது மாற்றம் தெரியுதா? சொல்ல வெட்கமா இருந்தா எழுதிக் கொடு."

நினைவில் வைப்போம்

கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்:

- மார்பில் அல்லது அக்குளில் கட்டி. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும்.
- தோலில் குழி விழுவது, சிவப்பது, ஆரஞ்சுத் தோல் போல ஆவது.
- காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது.
- காம்பிலிருந்து ரத்தம் அல்லது நீர் வடிவது.
- காம்பில் ஆறாத புண்.
- ஒரு மார்பு மட்டும் புதிதாக அளவு மாறுவது.

பால் கொடுக்கும் தாய்க்குக் கட்டி 2 வாரத்தில் கரையாவிட்டால் காத்திருக்கக் கூடாது.

மாதவிலக்கு முடிந்த சில நாட்களில், குளிக்கும்போது விரல்களின் உட்பக்கத்தால் மார்பையும் அக்குளையும் மெதுவாகத் தடவிப் பாருங்கள். உங்கள் உடம்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் மாற்றம் தெரியும்.

30 வயது ஆன பெண்கள் அரசு சுகாதார நிலையத்தில் பரிசோதனை கேட்டுப் பெறலாம். தகுதி உள்ள குடும்பங்களுக்குப் பிரதமரின் ஜன் ஆரோக்கிய திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். இது 2018-ல் தொடங்கியது. மாநில அரசுகளின் காப்பீட்டுத் திட்டங்களும் உண்டு. சிகிச்சைக்காகச் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கான சான்றிதழ் கேளுங்கள்.

பேசுவோம்

1. இட்லிக்காரப் பெண் 3 மாதம் ஏன் யாரிடமும் சொல்லவில்லை? நம் வீடுகளில் பெண்கள் எந்த நோய்களை மறைக்கிறார்கள்?
2. கணவன் செய்த உதவிகள் எவை?
3. மாமியார் தட்டைத் தனியாக வைத்தது ஏன்? அது ஏன் தவறு?
4. பீகார்ப் பெண்ணுக்கு மார்பை முழுதும் எடுக்க வேண்டி வந்தது ஏன்?

எழுதுவோம்

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்:

1. வலி ............ கட்டியையும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.
2. புற்றுநோய் தொட்டால் ............
3. கீமோ எடுக்கும்போது காய்ச்சல் ............ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உங்கள் பகுதியில் உள்ள சுகாதார நிலையம் எங்கே இருக்கிறது? எந்த நாளில் பெண் டாக்டர் வருவார்? கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாத பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் படித்துக் காட்டுங்கள்.